சாம்பிராணி போடாத வீடு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சேர்ந்தாற்போல் இத்தனை பக்கம் எழுதுவது இதுவே முதல் தடவை. என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது, சரிந்து கீழ்வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கே எந்த ‘ல’ வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது திருத்திவிடுவதாக ஷாஹின் சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஷாஹின் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர். எங்கள் மையம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு நான் இப்போது வீட்டோடு இருக்கிறேன். எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகவில்லை, என் முதுகுக்கு ஆகிவிட்டது. இனி வீடுகளுக்கு நேரில் போவதைக் குறைத்து, போனிலேயே முகம் பார்த்துப் பேசினால் போதும் என்று மேலே முடிவாகியிருக்கிறதாம். அதைச் சொல்ல வந்தவர்தான் கேட்டார்.

“அண்ணா, நீங்களும் சரோஜா மேடமும் அந்த வீடுங்களுக்குள்ள போயி என்னதான் பண்ணுவீங்க? அத மட்டும் எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்.”

“தண்ணி குடிப்போம்” என்றேன்.

சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் முதலில் கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனியில் கல் தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகு போன பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டு, மையத்தின் வேனை ஓட்ட வந்தேன். மையத்தின் வேலை என்ன என்று முதல் வருடம் எனக்கே புரியவில்லை. சின்ன வயதில் சொந்த வீட்டிலேயே அடியும் கொடுமையும் பட்டு வளர்ந்தவர்கள், தாங்கள் தாய் தகப்பன் ஆகும்போது மிரண்டுபோவார்கள். அவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்க் கூட இருப்பது. அவ்வளவுதான் வேலை. கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால், இதற்கு ஒரு ஆபீஸா என்பார்கள்.

ஓசூரில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். பதினெட்டு வயதில் எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ பஸ் ஏறி வந்து கம்பெனி ஹாஸ்டலில் சேர்கிறார்கள். லைனில் பக்கத்து மெஷினில் நிற்பவரைப் பார்த்து, பிடித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர்களுக்கு இந்த ஊர் வசதி. யார் மகன், யார் மகள் என்று ஒருவரும் கேட்பதில்லை. குழந்தை பிறக்கும்வரைதான் அந்த வசதி. பிறந்த பிறகு, கேட்க ஆள் இல்லாததே கஷ்டமாகிவிடும்.

நான் கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. மேடம் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வேனில் உட்கார்ந்திருப்பேன். வீட்டு ஆண்கள், உள்ளே பெண்கள் பேச்சு என்று வெளியே வந்து வேனில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். தெலுங்கு, கன்னடம், தமிழ் எதில் பேசினாலும் எனக்குப் புரியும். இதைக் கவனித்துவிட்டு மேடம் ஒருநாள் சொன்னார்:

“முனிராஜ், இனிமே நீங்களும் உள்ள வாங்க.”

“எனக்குப் பேச வராதுங்க மேடம்.”

“பேசறதுக்கு ஏற்கெனவே நிறைய ஆள் இருக்காங்க.”

பயிற்சி என்று பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள், வட்டமாக உட்கார வைத்தார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். சின்ன வயதில் உங்களை யார் அடித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்ததும் தரையைப் பார்த்தேன். மேடம், “அடுத்தவங்க சொல்லுங்க” என்று தாண்டிப் போய்விட்டார். டீ குடிக்கும்போது என் கையில் ஒரு பன் கொடுத்தார். அவர் அதைப் பற்றி என்னிடம் திரும்பக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

சரோஜா மேடம் கிராமத்து நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார். ஒரு வீட்டுக்குப் போகும் முறை என்று அவர் சில விஷயம் வைத்திருந்தார். ஷாஹின் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட வேண்டும். யார் வீட்டுக்கு என்ன வண்டி வந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தீனி போடக்கூடாது. கதவு திறந்திருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாங்க என்று சொன்ன பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் வாசலுக்கும் நடுவில் உட்காரக்கூடாது. எழுந்து வெளியே போக அவளுக்கு வழி இருக்க வேண்டும். குழந்தையை நாமாகத் தூக்கக்கூடாது. அழுதாலும் தூக்கக்கூடாது. அவளாக நம் மடியில் போட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். இது மேடத்துக்கு முக்கியம். “நாம குடுக்கறவங்களாப் போனா அவங்க குனிஞ்சு நிப்பாங்க. ஒரு டம்ளர் தண்ணி அவங்க கையால வாங்கிட்டா அப்புறம் அது அவங்க வீடு” என்பார். மத்திகிரியில் சில லைன் வீடுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும்.

கடைசியாக, சொன்ன நாளில் போக வேண்டும், சொல்லாத நாளில் போகக்கூடாது. காய்ச்சலாக இருந்தாலும், பேச ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொன்ன நாளில் போய்த் தலையைக் காட்ட வேண்டும். இந்த இளம் தாய் தகப்பன்கள், வீட்டுப் பெரியவர்கள் எப்போது வருவார்கள், வந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியாமலே வளர்ந்தவர்கள். நாள் சொல்லி வருகிற பெரியவர்களை அவர்கள் பார்த்ததே இல்லை.

இப்படியெல்லாம் போயும் எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. சாமல்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு எங்களிடம் நாலைந்து மாதம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போனபோது கதவில் பூட்டு. வீட்டுக்காரர் வேலை மாற்றி அத்திப்பள்ளிக்குப் போய்விட்டார் என்றார்கள். பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அது கர்நாடகா. எங்கள் மையத்துக்கு அங்கே போய் வேலை செய்ய அனுமதி இல்லை. மேடம் அந்தப் பக்கத்து ஆபீஸ்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதால் நான் பேசினேன். யாரோ எடுத்தார்கள், யாரிடமோ கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. செக்போஸ்டைத் தாண்டும்போதெல்லாம் இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். அதுவும் இப்போது சலித்துவிட்டது.

நான் எழுத நினைத்தது தேவியைப் பற்றி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

தேவிக்கு ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். வயது இருபது, இருபத்தொன்று இருக்கும். கணவன் மாரி கோவில்பட்டிக்காரன். கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். மத்திகிரியில் ராஜம்மா என்பவரின் லைன் வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தார்கள். பெண் குழந்தை. தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் குழந்தையைக் கையில் வாங்கப் போக, தேவி அலறிவிட்டாள். அங்கிருந்துதான் எங்களுக்குத் தகவல் வந்தது. அவர்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை என்று நாள் வைத்தோம்.

முதல் சில வாரம் தண்ணீர் குடித்ததுதான். தேவி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். மேடம் ஊர், மழை, தண்ணீர் என்று ஏதாவது பேசுவார். மாரி கலகலப்பான ஆள். குழந்தை சிரிக்கும்போது கொஞ்சுவான். அழ ஆரம்பித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்கண்ணா, டீ சாப்புடுவோம்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். குழந்தை அழுகை நின்ற பிறகுதான் தெருவுக்குள் திரும்பி வருவான். ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தானே என்று நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஒருநாள் டீக்கடையில் அவன் சொன்னான்: “எங்க வீட்டுக் கொழம்பு ஆஸ்பத்திரிக் கொழம்பு மாதிரி இருக்கும்ணே. தாளிக்கவே மாட்டா. வரமெளகாய வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டா. கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நானும் விட்டுட்டேன்.”

இதை மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை தேவியாகவே பேசினாள். நான் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அம்மா செத்த பிறகு பெரியம்மா வீட்டில் வளர்ந்தாளாம். படுக்கையை நனைத்தால், பாத்திரம் உடைந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், அடுப்புத் தணலில் வரமிளகாயைப் போட்டு, அந்தப் புகையில் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில்.

“அழுதா இன்னும் ரெண்டு மெளகா போடுவாங்க மேடம். அதனால சத்தம் வராம இருக்கப் பழகிட்டேன். இப்ப இவ அழுதா எனக்குக் கை நடுங்குது. யாருக்காவது கேட்ருமோ, வாயப் பொத்திரலாமான்னு வருது.”

“பொத்தினியா?”

“இல்லீங். வருது.”

“வந்தப்ப என்ன பண்ணுன?”

“பாயில படுக்க வச்சிட்டு, வெளிய போயி கொழாயில மூஞ்சி கழுவுனேன்.”

“சரியாத்தான் பண்ணியிருக்க. இனியும் அப்படியே பண்ணு.”

பிறகு தேவி, “இத அவருகிட்ட சொல்லிறாதீங்க மேடம். அருவருப்பாப் பாப்பாரு” என்றாள்.

“இது உன் விஷயம் தேவி. எங்க ரெண்டு பேர் வாயில இருந்து வராது” என்றார் மேடம். என் பேரையும் சேர்த்துத்தான் வாக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தேவி கொஞ்சம் தேறினாள். குழந்தையை ஒருமுறை மேடம் மடியில் போட்டாள். என்னைப் பார்த்து அண்ணா என்றாள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அந்த சமயத்தில்தான் குழந்தைக்குச் சளி பிடித்தது.

ராஜம்மா நல்ல மனுஷி. தெலுங்குக்காரர், பிள்ளைகள் எல்லாம் பெங்களூரில் இருக்கிறார்கள். குடியிருக்கும் பெண்களைத் தன் பெண்கள் மாதிரி அதட்டுவார். குழந்தை மூக்கடைத்துத் திணறுவதைக் கேட்டுவிட்டு, ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். தேவி குழந்தையைக் குளிப்பாட்டிய சமயம் பார்த்து, மண்சட்டியில் தணல் எடுத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, புகையப் புகைய உள்ளே வந்து, “இக்கட குடு பாப்பாவ, தலைக்குக் காட்றேன்” என்று குழந்தையை வாங்கப் போயிருக்கிறார். பச்சைக் குழந்தைக்குப் புகை வேண்டாம் என்று மேடம் தேவியிடம் சொல்லித்தான் இருந்தார். ராஜம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

தேவி சட்டியை எட்டி உதைத்துவிட்டாள். தணல் ராஜம்மாவின் கால்மேல் கொட்டியது. தேவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டவள், மாரி ஷிப்ட் முடிந்து வந்து கெஞ்சிய பிறகுதான் திறந்தாளாம். லைன் முழுக்கக் கூடிவிட்டது. பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், புத்தி பிசகிவிட்டது என்றார்கள். மாரி பயந்துபோய் ஊருக்குப் போன் போட்டு அம்மாவை வரச் சொல்லிவிட்டான்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. வழக்கம்போல வியாழக்கிழமை போய் நின்றோம்.

வாசலில் ஒரு பை கட்டி வைத்திருந்தது. பால் பாட்டில், பால் பவுடர் டப்பா, குழந்தைத் துணி. உள்ளே மாரியின் அம்மா பேச்சியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். மாரி கதவருகே நின்றான். ராஜம்மா காலில் மருந்துக்கட்டோடு நாற்காலியில் இருந்தார்.

“நீங்கதான் அந்த ஆபீஸ்காரங்களா?” என்றார் பேச்சியம்மாள். “வந்ததே நல்லதாப் போச்சு. சாயங்காலம் பஸ்ஸு. புள்ளய நான் கொண்டுட்டுப் போறேன். இவளுக்குக் கிறுக்கு தெளிஞ்ச பெறவு பாத்துக்கிடலாம்.”

“தாய்ப்பால் குடிக்கற பிள்ளைம்மா” என்றார் மேடம்.

“பவுடர் பால் இருக்குல்லா. நாளைக்கு இவ புள்ளயவே தீயில தள்ளிட்டான்னா நீங்க பதில் சொல்லுவியளா?”

“மாரி, நீ என்ன சொல்ற?” என்று மேடம் கேட்டார்.

மாரி அம்மாவைப் பார்த்தான், தேவியைப் பார்த்தான். “எனக்கு ஒண்ணும் புரியல மேடம். ஏன் அப்படிப் பண்ணுனான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. நான் வேலைக்குப் போயிருக்கறப்ப புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா...”

அந்த அறையில் காரணம் தெரிந்தவர்கள் மூன்று பேர். தேவி, மேடம், நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. என் வாழ்நாளில் பேச வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது அன்றைக்குத்தான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையைக்கூட அசைக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மேடம் தன் இடத்தில் உட்கார்ந்து, “தேவி, ஒரு டம்ளர் தண்ணி குடும்மா” என்றார்.

பேச்சியம்மாள், “ஏலே மாரி, நீ போயி மோந்து குடு. அவ எங்க எந்திரிக்கப் போறா” என்றார்.

“தேவி குடுக்கட்டும்” என்றார் மேடம்.

குழந்தை மூக்கடைப்போடு மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் ஆனது மாதிரி இருந்தது. தேவி எழுந்தாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, டம்ளரின் அடியை முந்தானையால் துடைத்து மேடத்திடம் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். மேடம் நிதானமாகக் குடித்தார். நான் குடிக்கும்போது பாதித் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

தேவி மூன்றாவதாக ஒரு டம்ளர் மொண்டுகொண்டு போய் ராஜம்மாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தேவி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கட்டைப் பார்த்தாள்.

“நீங்க கொண்டாந்தது சாம்பிராணின்னு எனக்குத் தெரியும்மா. கண்ணுக்குத் தெரிஞ்சுது. மூக்குக்குத் தெரியல.”

“ஏமி சொல்ற நீ?” என்றார் ராஜம்மா.

தேவி சொன்னாள். எங்களிடம் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னாள். பெரியம்மா, மிளகாய், சாத்திய கதவு. மாரியின் பக்கம் திரும்பவே இல்லை. ராஜம்மாவின் காலைப் பார்த்தே சொல்லி முடித்தாள். “உங்க காலு வெந்துருச்சு. அதுக்கு என்ன வேணா திட்டுங்க. புள்ளய மட்டும் எடுத்துட்டுப் போவ வேண்டாம்னு சொல்லுங்க.”

“அய்யோ தேவுடா” என்றார் ராஜம்மா. கீழே இருந்த டம்ளரை எடுத்துக் குடித்தார்.

பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார். “இதுக்கா இம்புட்டு? எங்க பக்கம் மெளகாப் பொக போடாத வீடு எங்க இருக்கு? இந்தா நிக்கான்லா, இவனுக்கும் போட்டுருக்கேன். திருட்டுத்தனமா காசு எடுத்து முட்டாயி வாங்கித் தின்னான்னு ஒருவாட்டி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான்னு ஒருவாட்டி. இவன் என்ன கெட்டா போயிட்டான்? ஒண்ணும் ஆகலையே.”

“ஒண்ணும் ஆகலன்னு யாரு சொன்னா?” என்றான் மாரி.

சத்தமாகச் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பேச்சியம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தார்.

“புள்ள அழுதா என்னால வீட்டுக்குள்ள நிக்க முடியலம்மா. மூச்சு முட்டுது. டீக்கடையில போயி நிக்கேன். அப்ப நான் அழுதா நீ கதவத் தொறக்க மாட்டல்ல? அதான். எதுக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.”

குழந்தை அந்த நேரம் பார்த்து அழத் தொடங்கியது. மாரியின் கால் செருப்பைத் தேடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலில் மாட்டிவிட்டான். பிறகு அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினான். பேச்சியம்மாள் உடனே கொடுக்கவில்லை. குழந்தையின் முகத்தையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொடுத்தார். மாரி வாங்கி, நேராகத் தேவியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தும்வரை எழுந்திருக்கவில்லை.

யாரும் யார் காலிலும் விழவில்லை. யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. மேடம், “அடுத்த வியாழக்கிழமை வர்றோம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். பேச்சியம்மாள் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினார், குழந்தை இல்லாமல். பை கட்டியது கட்டியபடி வாசலில் கிடந்தது. தானும் கூட வருகிறேன் என்று மாரி சொன்னதற்கு, “நீ இங்கனயே இரு” என்றுவிட்டார். நாங்கள் அந்தப் பக்கம்தான் போகிறோம் என்று மேடம் அவரை வேனில் ஏற்றிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும் முன் பேச்சியம்மாள் டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்து என்னிடம் கேட்டார். மேடத்திடம் கேட்கவில்லை, என்னிடம்.

“ஏய்யா, அது இம்புட்டு வருசத்துக்கா எரியும்?”

“எரியுங்கம்மா” என்றேன்.

“எனக்கு எங்க ஆத்தா போட்டா” என்றார். “எரியலன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வண்டியின் முன்பலகையில் வைத்தார். பேத்திக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பிராணி. “ஏதாவது கோயில்ல குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் போன பிறகு மேடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன். “மேடம், தேவி வாயத் தொறக்கலன்னா என்னாயிருக்கும்?”

“பிள்ளை பஸ் ஏறியிருக்கும்.”

“நாம சொல்லியிருந்தா?”

“பிள்ளை இங்க இருந்திருக்கும். தேவி யாரையும் நம்பாம இருந்திருப்பா.”

“அப்படிப் பிள்ளை போயிருந்தா என்ன பண்ணியிருப்போம்?”

“அடுத்த வியாழக்கிழமை போயிருப்போம்” என்றார். அப்புறம், “இன்னும் ரெண்டு வீடு இருக்கு, வண்டிய எடுங்க” என்றார். அந்த இரண்டு வீட்டில் என்ன பேசினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர் மட்டும் குடித்தோம்.

மேடம் செய்தது சரியா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. சரியாக முடிந்ததால் சரி என்று சொல்லிவிடலாம். சாமல்பட்டிப் பெண்ணை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

குழந்தை நடக்கும்வரை அந்த வீட்டுக்குப் போனோம். மாரி டீக்கடைக்கு ஓடுவது உடனே நின்றுவிடவில்லை, போகப்போகக் குறைந்தது. ராஜம்மா காலையில் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியால் தலை துவட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை லைனில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் சாம்பிராணி காட்டுவார். கடைசி மூலையிலிருந்து, “தேவி, போடறேன்மா” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் தணலில் தூளைப் போடுவார். தேவி கதவைச் சாத்திக்கொள்வாள். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது அந்த வீட்டுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டால், “அந்த வீட்டுக்குப் போடறதில்ல” என்று முடித்துவிடுவார். தேவி கடைசிவரை தாளிக்கவில்லை. நாங்கள் அதை ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை.

மேடம் இப்போது கண் ஆபரேஷன் செய்துகொண்டு மகன் வீட்டில் இருக்கிறார். அந்தச் சாம்பிராணிப் பொட்டலம் ரொம்ப நாள் வேனின் டப்பாவிலேயே கிடந்தது. கோயிலில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாவியை ஒப்படைத்த அன்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். மணம் போய்விட்டது.

போனில் முகம் பார்த்துப் பேசுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஷாஹின் போன்றவர்கள் படித்தவர்கள், அதிலும் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள். ஒருவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீரை அதில் எப்படி வாங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எழுதித் தருகிறேன் என்று அவரிடம் ஒத்துக்கொண்டு பல மாதமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். போன வாரம் வந்து கேட்டபோது ஒரு நாள் சொல்லி, அன்றைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நாளைச் சொன்ன பிறகு தப்ப முடியாது. அவர் வரும் நேரம் ஆகிவிட்டது. சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.

மத்திகிரி,
தை மாதம், முதல் வியாழக்கிழமை.